கொதிகலனில் கிளிங்கர் கட்டுமா? காரைக்குடி வட்டார ஆலைகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (புதுவயல், அரிசி ஆலை): ஐயா, உமி போதாத நாட்களில் இறக்குமதி நிலக்கரி எரிக்கிறோம். சாம்பல் 6 விழுக்காடுதான். ஆனாலும் கிளிங்கர் (சாம்பல் உருகி இறுகிய கட்டி) கட்டுகிறது. ஏன்?

பதில்: சாம்பலின் அளவைவிட அதன் சேர்மானமே முக்கியம். நம் நாட்டு நிலக்கரி பலவற்றில் 30 முதல் 45 விழுக்காடு வரை சாம்பல் இருந்தாலும், அதில் சிலிக்காவும் அலுமினாவும் மிகுந்திருப்பதால் எளிதில் இளகாது. இறக்குமதி வகைகள் சிலவற்றின் சாம்பலில் இரும்பும் சுண்ணாம்பும் கூடுதல். பொற்கொல்லர் பற்றவைப்பில் இடும் வெங்காரம்போல் அவை உருகுநிலையைத் தாழ்த்திவிடுகின்றன.

கேள்வி (காரைக்குடி, நூற்பாலை): ஒரு நிலக்கரியின் ஆய்வறிக்கையில், சாம்பலில் சிலிக்கா 45, அலுமினா 22, டைட்டானியா 1, இரும்பு ஆக்சைடு 14, சுண்ணாம்பு 9, மக்னீசியா 4, சோடா 1, பொட்டாஷ் 2 விழுக்காடு; நிலக்கரியில் கந்தகம் 0.9 விழுக்காடு. நம்பி வாங்கலாமா?

பதில்: கார ஆக்சைடுகளின் (இரும்பு ஆக்சைடு, சுண்ணாம்பு, மக்னீசியா, சோடா, பொட்டாஷ்) கூட்டுத்தொகை 30, அமில ஆக்சைடுகளுடையது (சிலிக்கா, அலுமினா, டைட்டானியா) 68, விகிதம் 0.44. இதைக் கந்தகத்தால் பெருக்கினால் 0.40 வரும், 0.6க்குக் கீழ் என்பதால் 'ஆபத்து குறைவு' என்று கைந்நூல்கள் சொல்லும். அங்கேதான் ஏமாறுகிறோம். இந்தக் குறியீடு பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) மிகுந்த கிழக்கு அமெரிக்க நிலக்கரிகளுக்காக எழுந்தது. கந்தகம் அதில் இரும்பின் அடையாளமாக நிற்கிறது. கந்தகம் குறைந்த நிலக்கரியில் இரும்பு வேறு கனிமமாக வந்தால் பெருக்கல் அதை மறைத்துவிடும். 0.44 என்ற விகிதமே எச்சரிக்கை என்பது என் கருத்து. உருகு வெப்பநிலைச் சோதனையின்றி நான் வாங்க மாட்டேன்.

கேள்வி (தேவகோட்டை): அந்தச் சோதனையில் எந்த எண்ணைப் பார்ப்பது?

பதில்: சாம்பலில் செய்த கூம்பைச் சூடாக்கும்போது அதன் முனை மழுங்கத் தொடங்கும் முதல் வெப்பநிலையையும், அது அரைக்கோளமாகும் வெப்பநிலையையும் பாருங்கள். முதலாவதை நான்கால் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, ஐந்தால் வகுத்தால் வரும் எண் 1,343 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 1,232க்குக் கீழ் இறங்கினால் கவலை. ஆனால் சோதனை காற்றுக் குறைந்த சூழலிலும் நடந்ததா என்று ஆய்வகத்தைக் கேளுங்கள். காற்று எட்டாத இடத்தில் இரும்பு ஃபெரஸ் நிலைக்கு (ஆக்சிஜன் குறைந்த ஆக்சைடு வடிவுக்கு) மாறுவதால், இரும்பு மிகுந்த சாம்பல் 100 டிகிரிக்கும் மேல் குறைவான வெப்பநிலையிலேயே இளகக்கூடும்.

கேள்வி (புதுவயல்): இரண்டு நிலக்கரிகளைக் கலந்தால் சராசரி எடுக்கலாமா?

பதில்: கூடாது. கலவையின் சாம்பல், இரண்டும் தனித்தனியே உருகும் வெப்பநிலைகளுக்கும் கீழே உருகலாம். கலந்த மாதிரியையே சோதனைக்கு அனுப்புங்கள்.