வாசகர் கேள்வி – பதில்: கிரேக்கத் துன்பியலில் விதியும் மனிதரும்

கேள்வி: தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்பது ஈடிபஸின் விதி. அவன் எவ்வளவு ஓடியும் அதுதான் நடந்தது. அப்படியானால் அவன் வெறும் கைப்பாவைதானே? பாவைக்கு நேர்ந்த துன்பத்தைப் பார்த்து நாம் ஏன் கலங்க வேண்டும்?

பதில்: கதைச் சுருக்கத்தை மட்டும் அறிந்தவருக்கு அவன் பாவையாகத்தான் தெரிவான், ஏதென்ஸ் நாடகாசிரியர் சோஃபோக்ளிஸ் எழுதிய 'மன்னன் ஈடிபஸ்' நாடகத்தைப் படிப்பவருக்கு அப்படித் தோன்றுவது கடினம். கொலையும் மணமும் நாடகம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டன. மேடையில் நாம் பார்ப்பது ஒரே நாளில் நடக்கும் விசாரணை. ஈடிபஸ் ஆளும் தீப்ஸ் நகரைக் கொள்ளைநோய் வாட்டுகிறது. முந்தைய மன்னன் லாயஸைக் கொன்றவனை நாட்டிலிருந்து அகற்றினால் நோய் தீரும் என்ற தெய்வவாக்கை டெல்ஃபியில் உள்ள அப்பல்லோ கோயிலிலிருந்து ஈடிபஸின் மைத்துனன் கிரியோன் கொண்டுவருகிறான். கொன்றவனைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைத் தலைமேல் போட்டுக்கொண்ட ஈடிபஸ், இறந்த மன்னனுக்காக என் சொந்தத் தந்தைக்குப் போராடுவதுபோலப் போராடுவேன் என்று ஊரறியச் சூளுரைக்கிறான். கதை தெரிந்தே வந்து அமர்ந்திருந்த ஏதென்ஸ் மக்களுக்கு அந்த ஒரு வரி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி அந்த விசாரணை போகும் வழியைக் கவனியுங்கள். உண்மையை அறிந்த குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ் வாய்திறக்க மறுத்து, தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுமாறு கேட்கிறார். ஈடிபஸ் அவரைச் சீண்டிச் சீண்டிப் பேசவைக்கிறான். லாயஸின் மனைவியாக இருந்து இப்போது ஈடிபஸை மணந்திருக்கும் ஜொகாஸ்டா, அவனுக்கு முன்பே உண்மையை ஊகித்து, உயிர்மேல் ஆசை இருந்தால் மேற்கொண்டு தேடாதே என்று மன்றாடுகிறாள். கணவனின் பிறப்பு தாழ்ந்தது என்று தெரிந்துவிடுமோ என அஞ்சுகிறாள் போலும் என்று நினைத்து அவன் அதையும் தள்ளிவிடுகிறான். கடைசியாக, லாயஸின் குழந்தையைக் காட்டில் விட்டுவிட்டு வரும்படி ஏவப்பட்ட அந்தக் கிழ இடையன் கொண்டுவரப்படுகிறான். எதிரே நிற்கும் கொரிந்த் நகரத் தூதனோ நல்ல செய்தி சொல்லும் உற்சாகத்தில், நாம் இருவரும் சித்தெய்ரோன் மலையில் மந்தை மேய்த்தோமே, அப்போது எனக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தாயே, இதோ நிற்கும் மன்னர்தான் அந்தப் பிள்ளை என்கிறான். கிழவன் பதறிப்போய் அவனை வாயை மூடச் சொல்கிறான். ஈடிபஸ் கிழவனின் கைகளைப் பின்னால் முறுக்கச் சொல்லி ஆணையிடுகிறான். சொல்லக் கொடியதன் விளிம்புக்கு வந்துவிட்டேனே என்று கிழவன் கதற, நான் கேட்கக் கொடியதன் விளிம்புக்கு வந்துவிட்டேன், ஆனாலும் கேட்டே ஆகவேண்டும் என்று ஈடிபஸ் விடையளிக்கிறான். அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கும்படி எந்தத் தெய்வமும் அவனுக்குக் கட்டளையிடவில்லை.

குழந்தையை ஏன் கொல்லாமல் விட்டாய் என்று கேட்டபோது இடையன் சொன்ன காரணம் இரக்கம். அப்பல்லோவின் வாக்கு பலித்ததற்கு அந்த இரக்கமும் ஒரு காரணம். கொரிந்தில் தன்னை வளர்த்தவர்களைப் பெற்றோர் என்று நம்பி, அவர்களுக்குத் தீங்கு நேரக்கூடாது என்று ஊரைவிட்டே போன ஈடிபஸின் பாசமும் இன்னொரு காரணம். நல்லெண்ணங்களே கண்ணிகளாகக் கோக்கப்பட்டு அந்த வாக்கு நிறைவேறுகிறது என்பதுதான் இந்த நாடகத்தில் என்னை இன்றைக்கும் உலுக்குவது. முடிவில் ஈடிபஸ் தன் கண்களைக் குத்திக்கொண்டு வெளியே வருகிறான். இந்தத் துன்பங்களை நிறைவேற்றியவர் அப்பல்லோ, ஆனால் கண்ணைக் குத்திய கை என்னுடையதே, வேறொருவருடையது அன்று என்கிறான். தெய்வத்தின் பங்கையும் தன் பங்கையும் ஒரே மூச்சில் பிரித்துச் சொல்லத் தெரிந்தவனைப் பாவை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: ஈடிபஸின் ஆணவமே அவனுடைய வீழ்ச்சிக்குக் காரணம் என்று கல்லூரியில் படித்தேன். அது சரியா?

பதில்: சரியன்று. அந்த வாக்கு அவன் பிறப்பதற்கு முன்பே லாயஸுக்குச் சொல்லப்பட்டது; பிறவாத பிள்ளைக்கு ஆணவம் ஏது? அவன் முன்கோபி, சந்தேகப் பேர்வழி என்பதெல்லாம் உண்மைதான். மூன்று சாலைகள் கூடும் இடத்தில், வழியை விட்டு விலகும்படி தன்னைத் தள்ளி, தலையிலும் தடியால் அடித்த கிழவரை அவன் கொன்றான், கொஞ்சம் பொறுத்திருக்கலாம். ஆனால் அடக்கத்தின் உருவமாகவே வளர்ந்திருந்தாலும் வாக்கு வேறொரு வழியில் பலித்திருக்கும். துன்பியலுக்கு ஏற்ற தலைவன் தீமையினால் அன்றி ஏதோ ஒரு பிழையினால் வீழ்பவன் என்றுதான் அரிஸ்டாட்டில் தம் 'கவிதையியல்' நூலில் எழுதினார். அந்தப் பிழையைக் குணக்கேடாக மாற்றி, நன்னெறிப் பாடமாக்கியவர்கள் பிற்காலத்தவர்கள்.

அறியாமல் செய்த செயலுக்கு ஈடிபஸ் குற்றவாளியா என்பது வேறு கேள்வி. கிரேக்கர் அதை இரண்டாகப் பார்த்தனர். கொலை, செய்தவனின் நோக்கம் எதுவாக இருந்தாலும், அவனையும் அவன் வாழும் நிலத்தையும் தீட்டுப்படுத்தியது. ஆனால் ஏதென்ஸின் சட்டம் வேண்டுமென்றே செய்த கொலையையும் தெரியாமல் நேர்ந்த கொலையையும் வேறுபடுத்தியது. சோஃபோக்ளிஸ் முதுமையில் எழுதி, அவர் இறந்தபின் கி.மு. 401இல் மேடையேறிய 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகத்தில் அதே ஈடிபஸ் வழக்கறிஞரைப்போல வாதாடுகிறான்: நான் கருவில்கூட இல்லாத காலத்தில் என் தந்தைக்கு வந்த வாக்குக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? நான் செய்தேன் என்பதைவிட எனக்கு நேர்ந்தது என்பதே பொருத்தம் என்கிறான். முந்தைய நாடகத்தில் கண்ணைக் குத்திக்கொண்டவனும் இவன்தான். இரண்டு குரல்களையும் ஒரே ஆசிரியர் எழுதினார் என்பதை மறந்துவிட்டு, கிரேக்கர் விதியைப் பற்றி ஒரே முடிவு வைத்திருந்தனர் என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

கேள்வி: தெய்வவாக்குகள் ஏன் எப்போதும் விடுகதைபோல இருக்கின்றன? நேராகச் சொன்னால் என்ன?

பதில்: எப்போதும் அப்படி இல்லை. லாயஸுக்கு வந்த வாக்கில் மூடுமந்திரம் ஏதுமில்லை. இன்னொரு நாடகாசிரியரான ஈஸ்கிலஸ் கி.மு. 467இல் அரங்கேற்றிய 'தீப்ஸுக்கு எதிராக எழுவர்' நாடகத்தில் அது இன்னும் வெளிப்படையானது: பிள்ளையில்லாமல் இறந்தால் உன் நகரம் பிழைக்கும் என்று அப்பல்லோ மும்முறை எச்சரிக்கிறார், லாயஸ் கேட்கவில்லை. அங்கே வாக்கு ஒரு நிபந்தனை. சோஃபோக்ளிஸின் ஜொகாஸ்டா அதே கதையைச் சொல்லும்போது நிபந்தனை காணாமல் போகிறது. மகன் கையால் சாவு என்பது மட்டும் மிஞ்சுகிறது. ஒரே கதையை எடுத்தாண்ட இருவரில் ஒருவர் லாயஸுக்குத் தப்பும் வழியை வைத்தார், மற்றவர் அதை அடைத்தார்.

புதிராக வரும் வாக்குக்குச் சிறந்த எடுத்துக்காட்டு சோஃபோக்ளிஸின் 'டிராக்கிஸ் பெண்கள்' நாடகம். குறித்த காலம் முடிந்ததும் மாவீரன் ஹெராக்ளிஸுக்கு உழைப்பிலிருந்து விடுதலை கிடைக்கும் என்று ஒரு வாக்கு இருக்கிறது. உயிரோடு இருப்பவர் எவர் கையாலும் அவனுக்குச் சாவில்லை, பாதாளத்துக்குப் போய்விட்ட ஒருவனால்தான் என்று அதற்கும் முந்தைய வாக்கு ஒன்றும் இருக்கிறது. ஹெராக்ளிஸ் எய்த நச்சு அம்பால் எப்போதோ மாண்ட நெஸ்ஸஸ் என்ற குதிரை மனிதனின் இரத்தத்தை, கணவனின் அன்பை மீட்கும் மருந்து என்று நம்பி, அவன் மனைவி டெயனைரா ஓர் ஆடையில் தடவி அனுப்புகிறாள். ஆடை உடலில் ஒட்டி எரியத் தொடங்கி, நெஸ்ஸஸின் பெயரும் காதில் விழுந்த பிறகுதான் இரண்டு வாக்குகளும் ஒன்றே என்பது ஹெராக்ளிஸுக்கு விளங்குகிறது: செத்தவனுக்கு உழைப்பு இல்லை.

பார்வையாளர்களுக்கு இது புராணச் செய்தி மட்டுமன்று. கி.மு. 480இல் பாரசீகப் படை நெருங்கியபோது, மரச்சுவர் மட்டும் வீழாது என்ற வாக்கு டெல்ஃபியிலிருந்து ஏதென்ஸுக்கு வந்தது. அது நகரின் மேட்டுக்கோட்டையான அக்ரோபொலிஸைச் சுற்றிய முள்வேலி என்று ஒரு சாராரும், கப்பற்படை என்று நகரத் தலைவர் தெமிஸ்டோக்ளிஸும் வாதிட்டனர். மக்கள் கப்பலேறினார்கள், சலாமிஸ் கடற்போரில் வென்றார்கள். வாக்கு வந்தபின்னும் மனிதர் கூடி முடிவெடுத்தே ஆகவேண்டும் என்பதை அந்த நகரம் பட்டறிந்திருந்தது.

கேள்வி: மகளைப் பலிகொடுக்க அகமெம்னானுக்கு வேறு வழி இருந்ததா? கிளைடெம்னெஸ்ட்ரா செய்த கொலை குலசாபத்தின் வேலையா, அவளுடைய வேலையா?

பதில்: இந்த இரண்டுக்கும் ஈஸ்கிலஸ் தம் 'அகமெம்னான்' நாடகத்தில் ஒரே வகையில்தான் விடை தருகிறார், அது மிகவும் நுட்பமானது. காற்று எதிர்த்து வீச, டிராய் நகரின்மேல் படையெடுத்துக் கிளம்பிய அகமெம்னானின் கப்பல்கள் அவுலிஸ் துறையில் முடங்கிக் கிடக்கின்றன. ஆர்டெமிஸ் தேவியின் சினம் தணிய அவன் மகள் இஃபிஜெனியாவைப் பலியிட வேண்டும் என்று தீர்க்கதரிசி கால்காஸ் அறிவிக்கிறார். கீழ்ப்படியாவிட்டால் கேடு, என் வீட்டின் அணிகலனான பெண்ணை வெட்டினாலும் கேடு, இவற்றில் தீங்கற்றது எது என்று அகமெம்னான் தரையில் கோலை அடித்துப் புலம்புகிறான். அதுவரை அவன் நம் இரக்கத்துக்கு உரியவன். ஆனால் அடுத்த கணமே, படையைக் கைவிட்டு எப்படிப் போவேன் என்கிறான். பிறகு அவன் கட்டாயத்தின் நுகத்தைத் தானே பூட்டிக்கொண்டதாக, ஊர் முதியவர்களாக வரும் பாடகர் குழுவான கோரஸ் பாடுகிறது. நுகம் இருந்தது, பூட்டிக்கொண்டவன் அவன். கால்காஸ் பலியின் விலையைச் சொன்னாரே தவிர, டிராய்க்குப் போயே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை.

போரிலிருந்து திரும்பிய அகமெம்னானைக் கொன்ற அவன் மனைவி கிளைடெம்னெஸ்ட்ரா முதலில், நான் செய்தேன், மறுக்கமாட்டேன் என்று கணவனின் பிணத்தருகே நிமிர்ந்து நிற்கிறாள். கோரஸ் நெருக்கும்போது பேச்சு மாறுகிறது: இது நானல்ல, என் மாமனார் அட்ரியஸ் செய்த கொடுமைக்குப் பழிவாங்க வந்த பழைய ஆவி என் உருவில் வந்தது என்கிறாள். நீ குற்றமற்றவள் என்று யார் சாட்சி சொல்வார்கள், அந்த ஆவி உனக்குத் துணை நின்றிருக்கலாம் என்று முதியவர்கள் திருப்பிக் கொடுக்கிறார்கள். சாபத்தை அவர்கள் மறுக்கவில்லை. அதை அவள் ஒளிந்துகொள்ளும் திரையாக்க விடவுமில்லை. இதே ஆசிரியர் கி.மு. 472இல் எழுதிய 'பாரசீகர்' நாடகத்தில் இறந்த பாரசீக மன்னர் டேரியஸின் ஆவி, கிரேக்கத்தின்மேல் படையெடுத்துத் தோற்ற தன் மகனைப் பற்றிச் சொல்வதும் இதோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. வாக்குகள் நெடுங்காலம் கழித்தே பலிக்கும் என்று அந்தத் தந்தை நினைத்திருந்தாராம். ஆனால் ஒருவன் தானே விரைந்தால் தெய்வமும் உடன் சேர்ந்துகொள்கிறது என்கிறார்.

அகமெம்னான் சிறைபிடித்து வந்த டிராய் இளவரசி கஸாண்ட்ராவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; விடவும் முடியவில்லை. எல்லாம் தெரிந்தும் ஒருவரும் நம்பாத சாபம் அவளுடையது. அகமெம்னானின் சாவைக் காண்பீர்கள் என்று அவள் பச்சையாகச் சொன்ன பிறகும், கொல்லப்போகிறவன் யார் என்று கோரஸ் கேட்கிறது. ஒரு பெண் கொல்வாள் என்பது அவர்கள் எண்ணத்தில்கூட எழவில்லை. அவள் தீர்க்கதரிசிக்குரிய கோலையும் மாலைகளையும் கழற்றி எறிந்துவிட்டு, இரத்த வாடை தாங்காமல் வாசலில் ஒருமுறை பின்வாங்கி, பிறகு தானாக உள்ளே நடக்கிறாள். சாவை மாற்ற முடியாதவளுக்கும் அதை எதிர்கொள்ளும் விதம் ஒன்று மிச்சமிருந்தது.

கேள்வி: இது நம் ஊழ்வினைக் கொள்கைதானே?

பதில்: தோற்றத்தில் நெருக்கம் உண்டு, அடிப்படையில் பெரிய வேறுபாடும் உண்டு. ஊழ்வினை உருத்துவந்து ஊட்டுகிறது என்று நாம் சொல்லும்போது, அது அவரவர் முற்பிறப்பில் செய்த வினையின் பயன். கணக்கு நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கணக்கு உண்டு. கிரேக்கத் துன்பியலில் முற்பிறப்பு இல்லை. பழி குலத்தின் வழியாக இறங்கலாம்: உடன்பிறந்த தையெஸ்டிஸுக்கு அவன் பிள்ளைகளையே சமைத்துப் பரிமாறிய அட்ரியஸின் கொடுமை அவன் மகன் அகமெம்னான்மேல் வந்து விடிகிறது. சில சமயம் அந்த விளக்கமும் கிடைக்காது. ஈடிபஸுக்கு ஏன் இது நேர்ந்தது என்ற கேள்விக்கு சோஃபோக்ளிஸ் விடையே தரவில்லை. கோவலனுக்கு முற்பிறப்புக் கதை ஒன்று இருப்பதுபோல ஈடிபஸுக்கு எதுவும் இல்லை. நம் வாசகர்களுக்கு அந்த நாடகம் உறுத்துவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: தெய்வவாக்கைக் கேள்வி கேட்ட நாடகாசிரியர் யாரும் இல்லையா?

பதில்: யூரிப்பிடிஸ் இருக்கிறாரே. தந்தை அகமெம்னானைக் கொன்ற தாயைக் கொல்லும்படி ஒரெஸ்டிஸுக்கு அப்பல்லோ ஆணையிட்டார் என்பது பழைய கதை. ஈஸ்கிலஸின் நாடகத்தில், தாய் முன்னே நிற்க, என்ன செய்வேன் என்று ஒரெஸ்டிஸ் தடுமாறும்போது, அதுவரை பேசாமலே உடனிருந்த தோழன் பிலாடிஸ் வாய்திறந்து, அப்பல்லோவின் வாக்கு என்னாவது என்று கேட்கிறான். அவன் பேசுவதே அந்த மூன்று வரிகள்தாம். யூரிப்பிடிஸ் தம் 'எலெக்ட்ரா' நாடகத்தில் காஸ்டர் என்ற தேவனையே வரவழைத்து, அப்பல்லோ அறிவுடையவர், ஆனால் உனக்குச் சொன்ன வாக்கு அறிவுடையது அன்று என்று சொல்லவைக்கிறார். அவருடைய 'அயோன்' நாடகத்தில் டெல்ஃபியின் வாக்கே பொய்: தன் மகனை வேறொருவனுடைய மகன் என்று அப்பல்லோ கொடுத்துவிடுகிறார்.

கேள்வி: புதிதாகப் படிக்க விரும்புகிறவர் எந்த நாடகத்தில் தொடங்கலாம்?

பதில்: 'மன்னன் ஈடிபஸ்' சுமார் 1,500 வரிகள்தான், ஒரே அமர்வில் படித்துவிடலாம், அப்படித்தான் படிக்கவும் வேண்டும். அதன் பிறகு 'அகமெம்னான்'. அதில் கோரஸின் முதல் நீண்ட பாடல் கடினமாக இருந்தாலும் தாண்டிப் போய்விடாதீர்கள், அவுலிஸ் நிகழ்ச்சி முழுவதும் அங்கேதான் இருக்கிறது. கி.மு. 458இல் 'ஒரெஸ்டியா' என்று மூன்று நாடகங்களாக மேடையேறிய தொகுதியின் முதல் பகுதி அது. மற்ற இரண்டையும் தொடர்ந்து படித்தால்தான் அந்தக் குலப்பழி ஏதென்ஸின் நீதிமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வருவது வரை கதை முழுமையாகும்.