ஷ்வார்பரை சிகாகோவில் ஏன் உட்கார வைத்தார்கள்?

நண்பரே, 2016 வேர்ல்ட் சீரிஸை (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர், அந்த ஆண்டு சிகாகோ கப்ஸும் கிளீவ்லாந்தும் மோதின) இப்போது பார்ப்பதாகவும், முதல் இரண்டு ஆட்டங்களில் நன்றாக அடித்த கப்ஸ் வீரர் ஷ்வார்பரை 3, 4, 5-ஆம் ஆட்டங்களில் காணவில்லை, கப்ஸ் மேலாளர் மேடன் செய்தது முட்டாள்தனம் என்று உங்கள் நண்பர் சண்டை போடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். மேடன் மேல் தப்பே இல்லை. அன்றைக்கு விதி அப்படி.

கிளீவ்லாந்து ஆடும் அமெரிக்கன் லீக்கில் 1973 முதலே பிட்சருக்கு (பந்து வீசுபவருக்கு) பதிலாக அடிக்க மட்டும் ஒருவர் இறங்கலாம், கப்ஸ் ஆடும் நேஷனல் லீக்கில் அப்போது பிட்சரேதான் மட்டை பிடிக்க வேண்டியிருந்தது, வேர்ல்ட் சீரிஸில் எந்த அணியின் மைதானமோ அந்த லீக்கின் விதிதான் அன்று. ஷ்வார்பருக்கு ஏப்ரலிலேயே முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது, அடிக்கலாம், ஆனால் ஃபீல்டிங்குக்கு மருத்துவர்கள் அனுமதி தரவில்லை. அதனால் கிளீவ்லாந்தில் முழு ஆட்டம். சிகாகோவில் நடந்த மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து 3-ஆம் ஆட்டத்தில் மாற்று பேட்டராக ஒரே ஒரு முறைதான் இறங்க முடிந்தது.

அப்புறம், 7-ஆம் ஆட்டத்தின் 10-ஆவது இன்னிங்ஸைத் தவறவிடாதீர்கள். மழை நின்றதும் ஷ்வார்பர் முதல் ஆளாக வந்து வலது பக்கம் ஒரு சிங்கிள் (முதல் பேஸ் வரை போக வைக்கும் அடி) தட்டுவார், அவருக்குப் பதில் ஓட வந்த அல்மோரா, பிரையன்ட் தூக்கி அடித்த பந்து பிடிபட்டதும் இரண்டாவது பேஸுக்கு ஓடிவிடுவார், அந்த ஓட்டம் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. தொடர் முழுக்க ஷ்வார்பருக்குக் கணக்கில் வரும் 17 வாய்ப்புகளில் 7 ஹிட்.

2022 முதல் இரண்டு லீக்குக்கும் ஒரே விதி, பிட்சருக்குப் பதில் அடிக்க எங்கும் ஒருவர் இறங்கலாம், அதனால் இன்றைய ஆட்டங்களை வைத்து அன்றைய மேடனை எடைபோட வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லுங்கள்.