எதிர்த்தரப்பு வக்கீல் எழுதிய சட்டம் – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மாவட்ட நீதிமன்றத்தில் எழுத்தராகச் சேர்ந்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். சென்ற மாதம் ருவாண்டா பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில், சர்வதேசக் குற்றவியல் சட்டம் பெரும்பாலும் தீர்ப்பாயங்களில்தான் வளர்ந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. நான் பார்த்த கோர்ட்டில் சட்டம் முதலில், குற்றம் அப்புறம். இங்கேயோ எல்லாம் நடந்த பிறகு பெரிய நாடுகள் கூடி ஒரு நீதிமன்றத்தை அமைக்கின்றன. கையில் சிக்கிய ஆளைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அவன் செய்தது குற்றமா என்று நீதிபதி அதற்குப் பிறகு உட்கார்ந்து யோசிக்கிறார். நம்மூர் மாஜிஸ்திரேட் ஒருவர் இப்படிச் செய்தால் ஹைகோர்ட் விட்டுவைக்குமா? இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் தொடங்கி ஜெயித்தவன் தோற்றவனை விசாரிக்கும் கதைதானே இது? இதில் சட்டம் எங்கே இருக்கிறது? இந்தியா ஏன் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் சேரவில்லை என்பதையும் முடிந்தால் சொல்லுங்கள்.

கே. எஸ்.,
கும்பகோணம்

அன்புள்ள கே. எஸ். அவர்களுக்கு,

உங்கள் குற்றச்சாட்டில் பெரும்பகுதி உண்மை. 1994 இனப்படுகொலையை விசாரிக்க ருவாண்டாவுக்காக ஐ.நா. அமைத்த தீர்ப்பாயம் 93 பேர் மீது குற்றம் சாட்டியது. எதிர்ப்பக்கம் நின்று போரிட்டு ஆட்சியைப் பிடித்த படையினர் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. 1990களின் யூகோஸ்லாவியப் போர்களுக்காக நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஐ.நா. அமைத்த யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்திலும் 1999 நேட்டோ குண்டுவீச்சு பற்றிய புகார்கள் முழு விசாரணைக்குப் போகாமல் வழக்குத்தொடுநர் அலுவலகத்தோடு முடிந்தன. ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த டோக்கியோ தீர்ப்பாயத்தில் நீதிபதியாக இருந்த கல்கத்தாவின் ராதாபினோத் பால், ஆயிரம் பக்கங்களுக்கு மேல் மாறுபட்ட தீர்ப்பு எழுதி, குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவிக்க வேண்டும் என்றார். நீங்கள் கேட்பதுதான் அவரும் கேட்டது.

ஆனால் இந்த நீதிமன்றங்களை அமைத்தவர்கள் யார் என்பதோடு நீங்கள் நின்றுவிடுகிறீர்கள். கதவைத் திறந்துவைத்த பிறகு உள்ளே என்ன நடந்தது என்று பார்த்தால் வேறொரு சங்கதி தெரியும். அங்கே சட்டத்தை அதிகம் நகர்த்தியவர்கள் இரண்டு பேர்: கூண்டில் நின்றவனின் வக்கீல், சாட்சிப் பெட்டியில் ஏறிய சாதாரண மனிதர். ஐ.நா. பாதுகாப்புச் சபையில் கை தூக்கியவர்களுக்கு மூன்றாம் இடம்தான் கொடுப்பேன்.

நியூரம்பர்க்கிலேயே இது தொடங்கிவிட்டது. ஜெர்மானியக் கடற்படைத் தளபதி டோனிட்ஸ் மீது, எச்சரிக்கை இல்லாமல் கப்பல்களை மூழ்கடித்த நீர்மூழ்கிப் போர் ஒரு குற்றச்சாட்டு. அவருடைய வக்கீல் கிரான்ஸ்பியூலர் 'நீங்களும்தானே செய்தீர்கள்' என்று கூச்சல் போடவில்லை. அமெரிக்கப் பசிபிக் கடற்படைத் தளபதி நிமிட்ஸுக்குக் கேள்விகளை எழுதி அனுப்ப நீதிமன்றத்திடம் அனுமதி வாங்கினார். போரின் முதல் நாளிலிருந்து பசிபிக்கில் நாங்களும் அப்படித்தான் செய்தோம் என்று பதில் வந்தது. டோனிட்ஸ் விதியை மீறியது உண்மை, ஆனால் அவருக்கான தண்டனையில் இந்த மீறலைக் கணக்கில் எடுக்கவில்லை என்று தீர்ப்பில் எழுதினார்கள். ஜெயித்தவர்களின் நீதிமன்றம், ஜெயித்தவர்களின் அட்மிரல், பயன் மட்டும் தோற்றவனுக்கு. மற்றக் குற்றங்களுக்காக அவருக்குப் பத்து ஆண்டு கிடைத்தது, அது வேறு.

இப்போது நீங்கள் கேட்ட முக்கியமான கேள்விக்கு வருகிறேன். அதே கேள்வியை 1995-ல் ஹேக்கில் ஒருவர் கேட்டார். டுஷ்கோ டாடிச் என்ற போஸ்னிய செர்பியர். பிரியெடோர் பக்கத்தில் கொசராட்ஸ் என்ற ஊரில் காபிக் கடை வைத்திருந்தவர், கராத்தே வாத்தியார். 1992-ல் அந்த வட்டாரத்து முஸ்லிம்களையும் குரோவாட்டுகளையும் ஒமார்ஸ்கா முகாமில் அடைத்துச் சித்திரவதை செய்ததில் பங்கு இருந்ததாக வழக்கு. மூனிக்கில் பிடிபட்டு, யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தின் முதல் விசாரணைக் கைதியாக ஹேக்குக்கு வந்து சேர்ந்தார். பெரிய தளபதிகள் யாரும் அப்போது கையில் இல்லை. ஆகவே ஒரு சட்டப் புரட்சி இந்தக் காபிக் கடைக்காரர் பெயரில் நடக்க வேண்டியதாயிற்று.

அவருடைய வக்கீல்கள் எடுத்த எடுப்பில் நீதிமன்றத்தையே எதிர்த்தார்கள். ஐ.நா. சாசனத்தில் எங்கே இருக்கிறது, பாதுகாப்புச் சபை ஒரு கிரிமினல் கோர்ட்டை அமைக்கலாம் என்று? அதோடு, எங்கள் ஊரில் நடந்தது உள்நாட்டுச் சண்டை, போர்க்குற்றம் என்பது நாட்டுக்கு நாடு நடக்கும் போரில் மட்டும்தானே வரும்? இரண்டும் வலுவான ஆட்சேபங்கள். 1949 ஜெனீவா ஒப்பந்தங்களில் உள்நாட்டுப் போர் பற்றி இருப்பது பொதுவான மூன்றாம் பிரிவு ஒன்றுதான். கொல்லாதே, சித்திரவதை செய்யாதே, பிணைக்கைதி பிடிக்காதே என்று அது சொல்கிறது. மீறினால் தனிமனிதனுக்கு என்ன தண்டனை என்று ஒரு வார்த்தை கிடையாது. ருவாண்டாத் தீர்ப்பாயத்தின் 1994 சாசனம் இந்த இடைவெளியைத் தொட்டிருந்தது, ஆனால் அது ஒரு நாட்டுக்கு மட்டும் எழுதியது.

விசாரணை அமர்வு, பாதுகாப்புச் சபையைக் கேள்வி கேட்பது எங்கள் வேலை இல்லை என்று ஒதுங்கிவிட்டது. நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள் அந்த மாதிரி உத்தரவை. மேல்முறையீட்டு அமர்வு அப்படி ஒதுங்கவில்லை. இத்தாலிய நீதிபதி அன்டோனியோ கசேஸே தலைமையில் 1995 அக்டோபர் 2 அன்று வந்த முடிவில், நாங்கள் சட்டப்படி பிறந்தோமா என்று பார்க்கும் அதிகாரம் எங்களுக்கே உண்டு என்று முதலில் சொன்னார்கள். பிறகு பார்த்து, ஐ.நா. சாசனத்தின் 41-ஆம் பிரிவின் கீழ் பிறந்தோம் என்றார்கள். தன் பிறப்புக்குத் தானே சான்றிதழ் கொடுப்பது என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கையிலெடுத்ததால், பாதுகாப்புச் சபை என்ன செய்தாலும் அதைச் சட்டத்தின் முன் வைத்துப் பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. அது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது ஆட்சேபத்துக்குக் கிடைத்த பதில் இன்னும் பெரியது. நாடுகளுக்கிடையேயான போரில் மனிதத்தன்மையற்றது என்று தடுக்கப்பட்ட ஒன்று, உள்நாட்டுச் சண்டையில் மட்டும் அனுமதிக்கத்தக்கதாக எப்படி ஆகும் என்று கேட்டார்கள். ஸ்பானிய உள்நாட்டுப் போரிலிருந்து நாடுகளின் நடைமுறையைத் திரட்டிக் காட்டி, வழக்காற்றுச் சட்டத்தில், அதாவது எழுதிவைக்காவிட்டாலும் நாடுகள் கட்டுப்பட்டு நடக்கும் சட்டத்தில், இது ஏற்கெனவே குற்றம்தான் என்றார்கள். அரசுக்கும் அமைப்பாகத் திரண்ட ஆயுதக் குழுவுக்கும் இடையே, அல்லது அப்படிப்பட்ட குழுக்களுக்கு இடையே நீடித்து நடக்கும் ஆயுத வன்முறை, ஆயுத மோதல்தான் என்று ஒரு வரையறையும் கொடுத்தார்கள். ஏற்கெனவே இருந்ததா, அன்றைக்குத்தான் செய்தார்களா? கொஞ்சம் செய்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். டாடிச் வாயை மூடிக்கொண்டு குற்றத்தை மட்டும் மறுத்திருந்தால் இந்த வரையறை அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. 1998-ல் ரோமில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான சாசனம் எழுதியபோது உள்நாட்டுப் போர்க்குற்றங்களுக்கு நீண்ட பட்டியலே சேர்த்தார்கள். இலங்கையின் கடைசிக் கட்டப் போர் பற்றிய ஐ.நா. அறிக்கைகள் போர்க்குற்றம் என்ற சொல்லைத் தயங்காமல் பயன்படுத்த முடிந்ததற்குப் பின்னாலும் இந்தச் சட்ட வளர்ச்சி இருக்கிறது. அங்கே விசாரிக்க ஒரு நீதிமன்றம்தான் கிடைக்கவில்லை.

இனி சாட்சிகள். ருவாண்டாத் தீர்ப்பாயம் இயங்கிய தான்சானியாவின் அருஷாவில் ஷான்-பால் அகயேசு வழக்கு. ருவாண்டாவில் டாபா என்ற கம்யூனின் (உள்ளாட்சி வட்டாரத்தின்) தலைவர், அதற்கு முன் பள்ளி ஆசிரியர், கல்வி ஆய்வாளர். 1994 ஏப்ரலில் முதல் சில நாட்கள் கொலைகளைத் தடுக்கப் பார்த்தவர். பிறகு இடைக்கால அரசின் தலைவர்கள் கூட்டிய கூட்டம் ஒன்றுக்குப் போய்வந்ததும் மாறிப்போனார். குற்றப்பத்திரிகையில் கொலைகள் இருந்தன, சித்திரவதை இருந்தது. பெண்களுக்கு நடந்தது ஒரு வரிகூட இல்லை.

1997-ல் விசாரணை தொடங்கி, 'ஜே' என்ற எழுத்தால் மட்டும் அழைக்கப்பட்ட ஒரு பெண் சாட்சி சொல்ல வந்தார். கொலைகளைப் பற்றிச் சொல்ல வந்தவர், பேச்சுவாக்கில் தன் ஆறு வயது மகளை மூன்று பேர் சீரழித்ததைச் சொன்னார். நீதிபதிகள் மேலே கேட்டார்கள். கம்யூன் அலுவலகத்தில் இளம்பெண்களுக்கும் அப்படி நடந்ததாகக் கேள்விப்பட்டேன் என்றார். அடுத்து வந்த 'எச்' என்ற சாட்சி, சோள வயலில் தனக்கு நடந்ததையும், அலுவலக வளாகத்துக்கு வெளியே மற்றப் பெண்களுக்கு நடந்ததைத் தன் கண்ணால் பார்த்ததையும் சொன்னார். அந்த அமர்வில் மூன்று நீதிபதிகள். ஒரே பெண், டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளி நவநீதம் பிள்ளை, பேருந்து ஓட்டுநரின் மகள். பெண்கள் அமைப்புகளும் வெளியிலிருந்து மனு போட்டன. 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. தீர்ப்புக்கு முன் எப்போது வேண்டுமானாலும் குற்றச்சாட்டை மாற்றலாம் என்ற நம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 216-ஆம் பிரிவு உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருக்கும். இங்கே அந்த மாதிரித் திருத்தம் ஒன்று உலகச் சட்டத்தையே மாற்றியது.

1998 செப்டம்பர் 2 தீர்ப்பு, ஒரு சர்வதேச நீதிமன்றம் விசாரித்து இனப்படுகொலைக் குற்றம் நிரூபணமானதாகச் சொன்ன முதல் தீர்ப்பு. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலைதான் என்றது. எது வன்கொடுமை என்பதற்குச் சர்வதேசச் சட்டத்தில் அதுவரை ஏற்றுக்கொள்ளப்பட்ட வரையறையே கிடையாது. உடலுறுப்புகளைப் பட்டியல் போட்டு இந்தக் குற்றத்தைப் பிடிக்க முடியாது, வற்புறுத்தல் நிலவும் சூழலில் ஒருவர் உடல்மீது நடக்கும் பாலியல் ஆக்கிரமிப்பே வன்கொடுமை என்று எழுதினார்கள். ஒரு மாணவியை உடையின்றி வளாகத்தில் உடற்பயிற்சி செய்ய வைத்ததையும் தொடாமலே நடந்த பாலியல் வன்முறை என்று ஏற்றார்கள். பாலியல் வன்கொடுமையை வரையறுத்த நம் பழைய தண்டனைச் சட்டத்தின் 375-ஆம் பிரிவு விரிந்தது 2013-ல்தான். இந்த வரையறை அப்படியே நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றே மாதத்தில் ஹேக்கில் ஃபுருண்ட்சியா வழக்கில் மறுபடி உறுப்புப் பட்டியலுக்குப் போனார்கள். 2001-ல் குனாராட்ஸ் வழக்கில் சம்மதத்தை மையமாக்கினார்கள். ஹேக்கும் அருஷாவும் பல ஆண்டுகள் ஒன்றோடொன்று வாதாடிக்கொண்டே இருந்தன.

சாட்சியை நம்பிச் சட்டம் வளர்வதில் ஆபத்தும் இருக்கிறது. டாடிச் வழக்கில் பெயர் மறைத்து வந்த அரசுத்தரப்பு சாட்சி ஒருவர், தன் தந்தை இறந்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். எதிர்த்தரப்பு அந்தத் தந்தையையே தேடிப் பிடித்து ஹேக்குக்குக் கூட்டிவந்து மகனுக்கு எதிரே நிறுத்தியது. அந்தச் சாட்சியத்தை ஒதுக்கிவிடுங்கள் என்று அரசுத்தரப்பே கேட்க வேண்டியதாயிற்று.

நீதிபதிகள் வரம்பு மீறியதாக நான் நினைக்கும் இடமும் அந்த வழக்கிலேயே உண்டு. யாஸ்கிச்சி என்ற கிராமத்துக்குள் டாடிச் இருந்த ஆயுதக் குழு புகுந்தது. குழு போன பிறகு ஐந்து ஆண்கள் சுடப்பட்டுக் கிடந்தார்கள். யார் சுட்டது என்பதற்குச் சாட்சி இல்லை. விசாரணை அமர்வு இந்தக் குற்றத்திலிருந்து அவரை விடுவித்தது. 1999-ல் மேல்முறையீட்டு அமர்வு அதை மாற்றியது. பொதுத் திட்டத்தில் சேர்ந்தவன், அந்தத் திட்டத்துக்கு வெளியே நடந்தாலும் எதிர்பார்த்திருக்கக்கூடிய குற்றத்துக்கும் பொறுப்பு என்றது. நீங்கள் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். நம் பழைய தண்டனைச் சட்டத்தின் 34, 149 தானே இது! சட்டவிரோதக் கும்பலில் இருந்தவன், நடக்கக்கூடும் என்று தெரிந்த குற்றத்துக்கும் பொறுப்பு என்று 149 சொன்னது. அந்தப் பிரிவில் ஊரையே சேர்த்து எஃப்.ஐ.ஆர். போடுவதை நீங்கள் நேரில் பார்த்தவர். ஹேக்கிலும் அதே கதைதான். அதற்குப் பிறகு வந்த வழக்கு வழக்காக இந்தக் கோட்பாட்டில் ஆட்களைச் சேர்த்தார்கள். எல்லோரையும் தண்டிக்க ஒரு வழி என்று வக்கீல்கள் கேலி பேசும் அளவுக்குப் போயிற்று. ஆனால் 2010-ல் கம்போடியாவின் சிறப்பு நீதிமன்றம், எதிர்பார்த்திருக்கக்கூடிய குற்றம் என்ற அந்த நீட்சி 1975-79 காலத்தில் வழக்காற்றுச் சட்டமாக இருந்ததற்கு ஆதாரம் போதாது என்று ஒதுக்கிவிட்டது. அங்கேயும் கேள்வியைக் கிளப்பியது எதிர்த்தரப்பு. சட்டம் முதலில், குற்றம் அப்புறம் என்ற உங்கள் விதி அங்கே ஜெயித்தது.

இந்தியா விஷயம். 1998 ஜூலை 17 அன்று ரோமில் 120 நாடுகள் ஆதரித்தன, 7 எதிர்த்தன, 21 வாக்களிக்கவில்லை. அந்த 21-ல் நாம். காரணங்கள் பல. அணு ஆயுதப் பயன்பாட்டைக் குற்றப் பட்டியலில் சேர்க்கவில்லை, பயங்கரவாதத்தைச் சேர்க்கவில்லை. உள்நாட்டு மோதலைச் சேர்த்தது பிடிக்கவில்லை. காஷ்மீரும் வடகிழக்கும் மனதில் இருந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. டாடிச்சின் வக்கீல்கள் தோற்ற வாதத்தைத்தான் டெல்லி ரோமில் மறுபடி எடுத்தது என்று சொல்லலாம். இன்னொரு காரணம் உங்களுக்குப் பிடிக்கும்: உறுப்பினரல்லாத நாட்டின் விவகாரத்தையும் அந்த நீதிமன்றத்துக்கு அனுப்பும் அதிகாரத்தை ரோம் சாசனம் பாதுகாப்புச் சபைக்குக் கொடுத்தது. அந்தச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூன்றும் இன்றுவரை அந்த நீதிமன்றத்தில் சேரவில்லை. இந்த ஆட்சேபத்தில் இந்தியாவோடு எனக்கு முழு உடன்பாடு. உள்நாட்டு மோதல் பற்றிய ஆட்சேபத்தில் இல்லை.

தீர்ப்புகள் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. அகயேசுவில் தொடங்குங்கள். சாட்சியங்களைத் தொகுத்திருக்கும் பகுதியை முதலில் படியுங்கள், சட்டப் பகுதிக்கு அப்புறம் போகலாம்.

அன்புடன்,
ஆசிரியர்