இடைநின்ற பிள்ளைகளுக்கு ஒரு மையம்: கட்டடத்துக்கு முன்னால் யோசிக்க வேண்டியவை

கேள்வி: திருப்பூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் படிப்பை விட்டுவிட்டு பனியன் கம்பெனிக்குப் போன பிள்ளைகளுக்கும், பள்ளியே டிசி கொடுத்து அனுப்பிவிட்ட பிள்ளைகளுக்கும் ஒரு கல்வி மையம் தொடங்க ஆசை. நன்கொடையாளர் ஒருவர் நான்கு அறை கொண்ட வீட்டைத் தந்திருக்கிறார். மூன்று வகுப்பறை, ஒரு கணினி அறை, அறுபது பிள்ளைகள், மாடியில் பத்துப் பேர் தங்க இடம் என்பது திட்டம். ஜூனில் திறக்கலாமா? என்னென்ன அனுமதி வாங்க வேண்டும்?

பதில்: வீடு கிடைத்தது நல்ல விஷயம். அறைகளைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மையத்துக்கு வரும் பிள்ளை கடைசியில் எந்தச் சான்றிதழோடு வெளியே போகும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. இப்படிப்பட்ட மையங்கள் இரண்டாவது ஆண்டில் தடுமாறுவது பெரும்பாலும் இதில்தான். பாடம் நடக்கிறது, பிள்ளைகளும் வருகிறார்கள், ஆனால் அவர்கள் பெயர் எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் இருக்காது. பிப்ரவரி வந்ததும்தான் தேர்வெழுத என்ன வழி என்று ஓடுவார்கள். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலில் வெளியேறும் வழியை முடிவு செய்யுங்கள்.

எட்டாம் வகுப்பை முடிக்காத பிள்ளைக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும். விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். பயிற்சிக் காலம் மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை. இடையில் 14 வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை கட்டணமில்லாமல் படிக்கும் உரிமை உண்டு. ஆறாம் வகுப்போடு நின்ற 13 வயதுப் பையன் உங்களிடம் வந்தால், முதலில் அவனைப் பக்கத்து அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். பயிற்சியை உங்கள் மையத்தில் நடத்துங்கள். டிசி வரத் தாமதமாகிறது, பிறப்புச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பினால், இரண்டுமே மறுக்கக் காரணமாகாது என்று சட்டத்தின் 5, 14-ஆம் பிரிவுகளைக் காட்டலாம். சண்டை போட வேண்டியதில்லை. பள்ளிகளுக்குக் கல்வி உதவி தரும் அரசின் வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநரைக் கூட அழைத்துப் போனாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒன்பதாம் வகுப்பில்தான் சிக்கல். பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்ற பாதுகாப்பு எட்டோடு முடிகிறது. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட நினைக்கும் பள்ளிகள், தேறமாட்டான் என்று தோன்றுகிற பிள்ளையை ஒன்பதின் முடிவிலேயே கழித்துவிடுவது ஊரறிந்த ரகசியம். யாரும் “நீக்கினோம்” என்று எழுதித் தரமாட்டார்கள். “வேற ஸ்கூல்ல சேர்த்துக்கங்க, இங்க இருந்தா ஃபெயில்தான் ஆவான்” என்று அம்மாவிடம் சொல்வார்கள். டிசியில் “பெற்றோர் விருப்பப்படி” என்று இருக்கும். அந்தப் பெற்றோரும் அதை விருப்பம் என்றே நம்பிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கும் எண்தான் எமிஸ் எண்; அது எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும்வரை அவன் பெயர் எந்த வகுப்பிலும் இருக்காது. உங்கள் மையத்தில் சேரும் ஒவ்வொருவரின் எமிஸ் எண்ணையும் முதல் வாரத்திலேயே வாங்கி, பெயர் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இந்தப் பிள்ளைகளையும் கூடியமட்டும் ஓர் அரசுப் பள்ளியின் பதிவேட்டிலேயே வைத்திருக்கப் பாருங்கள். காரணம் இருக்கிறது. மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறிலிருந்து பன்னிரண்டுவரை எங்கே படித்தார்கள் என்றே பார்க்கின்றன. பள்ளியில் சேராமல் தனித்தேர்வராகப் பத்தை முடிக்க வைத்துவிட்டு, “கல்லூரிக்குப் போ” என்று அனுப்பும்போது இந்தக் கதவுகள் சாத்தியிருக்கும். பத்தாம் வகுப்புவரை கிடைக்கும் மதிய உணவும், பாடநூலும், பஸ் பாஸும்கூடப் பள்ளிப் பதிவை ஒட்டித்தான் வருகின்றன.

சரி, பள்ளிக்குத் திரும்பவே மாட்டேன் என்று நிற்கும் 16 வயதுப் பெண்ணை என்ன செய்வது? அவளுக்குத் தனித்தேர்வு இருக்கிறது. எட்டாம் வகுப்புத் தேர்வுக்கு 12½ வயதும், பத்தாம் வகுப்புக்கு 14½ வயதும் நிறைந்திருக்க வேண்டும். பத்தை நேரடியாக எழுதுவோர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பெயர் பதிய வேண்டும். தேர்வுக் கட்டணம் கட்டினால் போதும் என்று இருந்துவிட்டு இதைத் தவறவிடுபவர்கள் அதிகம். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அறிவிப்பு வரும்போதே பதிந்துவிடுங்கள். இன்னொரு வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 14 வயது ஆனால் பத்துக்குப் பதியலாம், தமிழில் எழுதலாம், ஐந்து ஆண்டுக்குள் ஒவ்வொரு பாடமாக முடிக்கலாம், தேர்ச்சிக்கு 33 மதிப்பெண் போதும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இது தோதானது. 16 முதல் 19 வயதுவரையுள்ள பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகள் இப்படிப் படிக்க, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 2,000 ரூபாய்வரை உதவிக்கு இடமுண்டு. ஆனால் இந்தச் சான்றை மாநில அரசு வேலைக்கு ஏற்பதில் இங்கே சிக்கல் எழுந்ததுண்டு. அதனால் இதை முதல் வழியாக நான் சொல்லமாட்டேன். எட்டு முடித்திருந்தால் ஒயர்மேன், வெல்டர், தையல் போன்ற ஐடிஐ பிரிவுகளும் இருக்கின்றன. அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பத்தாம் வகுப்பைக் கண்டாலே மிரளும் பையனுக்கு இது தோல்வி வழி என்று நினைக்காதீர்கள்.

ஓர் ஆபத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் மையம் திறந்த செய்தி பரவியதும் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர்கள் போன் செய்வார்கள்: “சார், நம்மகிட்ட அஞ்சு பசங்க இருக்காங்க, நீங்க பார்த்துக்கங்களேன்.” மறுக்கத் தோன்றாது, இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தானே. ஆனால் நிபந்தனை இல்லாமல் ஏற்றுக்கொண்டால், அடுத்த ஆண்டு அந்தப் பள்ளியில் ஒரு பையன் சட்டையை வெளியே விட்டிருந்தாலே உங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒரு பக்கத்துக்கு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் பள்ளிப் பதிவேட்டிலேயே இருக்கும். எந்த மாதம் திரும்புவான் என்ற தேதி இருக்கும். மாதம் ஒருமுறை அந்தப் பள்ளியின் வகுப்பாசிரியர் மையத்துக்கு வந்து அவனைப் பார்ப்பார். இந்த மூன்றுக்கும் கையெழுத்துப் போடாத பள்ளியிலிருந்து பிள்ளையை எடுக்காதீர்கள். முதன்மைக் கல்வி அலுவலரிடம் இதற்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவிட்டால் பேச்சு சுலபமாகும்.

அறுபது பேர் வேண்டாம். முதல் ஆண்டுக்கு இருபது, மிஞ்சினால் இருபத்தைந்து. இரண்டு முழுநேர ஆசிரியர்கள், ஒரு களப்பணியாளர். ஓய்வுபெற்ற நீங்களும் பாடம் எடுக்கலாம். ஆனால் காலையில் வராத பையன் வீட்டுக் கதவைத் தட்ட, அதே தெருக்காரர், இருபது வயதைத் தாண்டிய ஒருவர் வேண்டும். என்னைக் கேட்டால் மூன்று பேரில் அவருக்குத்தான் முதலில் சம்பளம் ஒதுக்குவேன்.

நேரத்தையும் ஊரைப் பார்த்து வையுங்கள். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு கடைவீதி. திங்கள் வருகை எப்போதும் மெலிந்தே இருக்கும். அதனால் புதுப் பாடத்தைத் திங்களன்று தொடங்காதீர்கள். தீபாவளிக்கு முன் ஆர்டர் நெருக்கும்போது ஒன்றரை ஷிப்ட் ஓடும், அப்போது பாதிப் பேர் காணாமல் போவார்கள். அதற்காகப் பெயரை அடித்துவிட வேண்டாம். சட்டம் என்ன சொல்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: 14 வயது நிறையாத பிள்ளையைக் கம்பெனியில் வேலைக்கு வைப்பதே குற்றம், 14 முதல் 18 வரை ஆபத்தான வேலைகளில் வைக்கக் கூடாது. சிறு பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு வைத்தால், பகல் வேலைக்கு நீங்களே வழிவிட்டதாகிவிடும். பகல் வகுப்பு அவர்களுக்கு, மாலை வகுப்பு 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று பிரித்துவிடுங்கள். சேர்க்கைக்கும் ஜூன் வரை காத்திருக்க வேண்டாம், ஜூனோடு மூடவும் வேண்டாம். பிள்ளைகள் காலாண்டு, அரையாண்டு விடுமுறை முடிந்தும் உதிர்வார்கள். எந்த மாதம் வந்தாலும் வந்த அன்றே சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் பாடப் புத்தகத்தைத் திறக்காமல் இருப்பது நல்லது. ஒன்பதுவரை வந்த பிள்ளையால் ஒரு பத்தியைத் தடையில்லாமல் படிக்க முடியாமல் இருக்கலாம். அதை வைத்து நாலாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மறுநாள் வரமாட்டான். அட்டையில் இருக்கும் அந்த “4” போதும், பதினைந்து வயதுக்காரனை ஓடவைக்க. அதே பக்கத்தை வகுப்பு எண் தெரியாமல் நகலெடுத்துக் கொடுங்கள். கணக்குக்கு அவன் சம்பளத்தையே எடுங்கள். கைமடியாக, அதாவது தையல்காரருக்கு உதவியாளாக, வேலை பார்த்த பையனுக்கு ஒன்றரை ஷிப்டை ஆறு நாளால் பெருக்கத் தெரியும். தாளில் எழுதச் சொன்னால்தான் திணறுவான். வாயால் சொல்லும் கணக்கை எழுத்தாக்குவதிலிருந்து தொடங்கினால் பின்னம், தசமம் எல்லாம் பின்னால் வரும். பதிவுப் படிவத்தில் “ஏன் நின்றாய்?” என்று கேட்காதீர்கள். குற்றப் பத்திரிகை மாதிரி இருக்கும், பொய்தான் பதிலாக வரும். “கடைசியாப் பள்ளிக்கூடம் போன அன்னிக்கு என்ன நடந்துச்சு?” என்று பேச்சோடு கேளுங்கள். அடி, கேலி, பீஸ் பாக்கி, தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

படிக்கத் திணறுபவர்களில் சிலருக்குக் கற்றல் குறைபாடு இருக்கும், யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவச் சான்று கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு நேரம் பிடிக்கும், டிசம்பரில் தொடங்கினால் நடக்காது.

பாதுகாப்பு விஷயத்தில் நல்லெண்ணத்தை நம்பாதீர்கள். உங்கள் மையத்துக்கு வரும் பெண்களில் சிலருக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கலாம், சிலர் துன்புறுத்தலிலிருந்து தப்பி வந்திருக்கலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, அப்படிக் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு, அதிலும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டுவரை சிறை. “குடும்ப மானம்” என்று யாராவது கெஞ்சும்போது முடிவெடுக்க முடியாது. யார் சொல்வது, யாரிடம் சொல்வது என்பதைத் திறப்பதற்கு முன்பே எழுதிவையுங்கள். குழந்தைகள் உதவிக்கான 1098 எண்ணும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் எண்ணும் சுவரில் இருக்கட்டும். வேலைக்கு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும், தன்னார்வலருக்கும்தான்.

மாடியில் தங்க வைப்பதைக் கைவிடுங்கள். விடுதி என்று வந்துவிட்டால் 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள், இல்லங்கள் சட்டத்தில் உரிமம் வேண்டும். ஆதரவற்ற பிள்ளைகளை வைத்துக்கொண்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் பதிவும் வேண்டும். இரவுக் காப்பாளர், சமையல், தனித்தனி ஏற்பாடு எல்லாம் சேர்ந்து உங்கள் பணத்தையும் நேரத்தையும் விழுங்கிவிடும். தங்க இடமில்லாத பிள்ளை வந்தால் குழந்தைகள் நலக் குழுவிடம் கொண்டுபோங்கள்; பெண் பிள்ளையென்றால் கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளியில் இடம் கேளுங்கள்.

கடைசியாக நீங்கள் கேட்ட அனுமதி. பெயர்ப் பலகையில் “பள்ளி” என்று போடாதீர்கள். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் கல்வி உரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம். தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000. “சிறப்புப் பயிற்சி மையம்” என்று வைத்து, முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்தோடு எழுத்தில் இணைந்து நடத்துங்கள். கட்டட உறுதி, தீ, சுகாதாரம் மூன்றுக்கும் சான்று வாங்கிவிடுங்கள். வெயிலுக்கு என்று மாடியில் ஓலைக் கொட்டகை போட யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; 2004-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் இறந்தது கூரை தீப்பிடித்துத்தான். நான்கு அறையில் இரண்டை வகுப்புக்கு வையுங்கள். ஒன்று, கதவில் கண்ணாடி பதித்த, தனியாக உட்கார்ந்து பேசும் அறை. நான்காவது சாப்பிடவும் கேரம் ஆடவும். பெண்களுக்கு உள்தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை முதல் நாளே இருக்க வேண்டும். கணினிகளை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம், இப்போது அந்தப் பணத்தைக் களப்பணியாளரின் பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்கு எடுத்துவையுங்கள்.