மாரிக்கு முன் வீட்டைத் திருத்த நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்கு அருகே எங்கள் ஓட்டு வீடு. கோடையில் செய்த சிறுபோக நெல் விற்ற 150,000 ரூபா கையில் இருக்கிறது. மாரி மழையில் செய்யும் காலபோகத்தின் உழவு, விதைநெல், பசளைக்கு 95,000 வேண்டும். கூரை திருத்த 40,000, வர்ணம் பூச 60,000, விறாந்தைக்குத் தகரம் போட 85,000 ஆகுமாம். தனியார் கடையில் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு நகையை வைத்து, எல்லாவற்றையும் மழைக்கு முன் முடிக்கச் சொல்கிறார் அண்ணன். என்ன செய்வது?

பதில்: சகோதரி, நகை வீட்டிலேயே இருக்கட்டும். வயலுக்கான 95,000 ரூபாவை இன்றே ஒதுக்கிவிடுங்கள். அதில் வீட்டுச் செலவு கலக்கவே கூடாது. மீதி 55,000. அதில் கூரையை மட்டும் திருத்துங்கள்.

எல்லாவற்றையும் செய்ய 130,000 ரூபா குறைகிறது. அதை அடகில் எடுத்தால் மாசி அறுவடை வரையான ஐந்து மாதத்துக்கு வட்டி மட்டும் 19,500 ரூபா. கூரை வேலையின் பாதிச் செலவு அது! அந்த அறுவடையும் நிச்சயமில்லை. 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்களை வெள்ளம் மூடியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். விளைச்சல் போன ஆண்டில் நகையை மீட்க எதை விற்பது?

கூரை வேலையைப் புரட்டாதியிலேயே முடியுங்கள். முதல் மழை இறங்கியதும் ஊரில் எல்லோரும் ஒரே மேசனைத்தான் தேடுவார்கள். அவர் வருமுன், நண்பகலில் கதவு யன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். வெயில் ஊசியாய் இறங்கும் இடத்து ஓட்டைத் தடியால் மெல்லத் தூக்கிவிட்டால், மேலே ஏறுபவருக்கு இடம் தெரியும். நல்ல ஓடுகளைக் கிளறி உடைக்கமாட்டார். கைமரங்களையும் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் கேட்டால் உள்ளே கறையான். காசு போகவேண்டியது முதலில் அந்த மரத்துக்குத்தான், முகட்டு ஓடுகளுக்குப் பிறகு.

தீபாவளிக்கு வீடு பளிச்சென்று இருக்கவேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் ஈரம் ஊறும் சுவரில் பூசிய வர்ணம் தை பிறக்குமுன் உரிந்துவிடும். அதைப் பங்குனிக்குத் தள்ளுங்கள். விறாந்தையும் அப்படியே, இந்த மாரிக்குக் கிடுகு போதும். வீட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவதும், கூரைமேல் சாய்ந்த கிளைகளைத் தறிப்பதும், விறகை உள்ளே அடுக்குவதும் வீட்டார் கையாலேயே ஆகிற வேலைகள்.

மிஞ்சும் 15,000 ரூபாவை வங்கியில் போட்டு வையுங்கள். கார்த்திகை அடைமழையில் கூலி வேலை நின்றால் அரிசிக்கும் மருந்துக்கும் அதுதான் கைகொடுக்கும். விவசாயிகளுக்கான அரச அலுவலகமான கமநல சேவை நிலையத்தில் காலபோகப் பதிவையும் தவறவிடாதீர்கள். காணிப்பத்திரம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் பொலித்தீன் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். வெள்ள நிவாரணத்துக்குக் கிராம உத்தியோகத்தரிடம் போனால் அவற்றைத்தான் கேட்பார்கள்.