'பேர்', 'கப்பிள்': இரண்டும் ஒன்றா?

கேள்வி: எங்கள் பட்டறையில் கொலுசை ஜோடிக் கணக்கில் விற்று, ஆங்கில ரசீதில் 'பேர்' என்று எழுதுகிறோம். ஏற்காட்டு விடுதி ஒன்றின் விளம்பரத்திலோ 'கப்பிள்' அறை என்று இருக்கிறது. இரண்டும் ஜோடிதானே, கொலுசுக்குக் 'கப்பிள்' என்று எழுதலாமா என்று மகள் கேட்கிறாள்.
- ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: எழுதக்கூடாது என்பதே என் முடிவு. இரண்டு சொற்களும் லத்தீனில் பிறந்து, 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தில் கலந்தவை என்றாலும், அவற்றின் வேர்கள் வேறு. 'பேர்' என்பதன் வேரான 'பார்' என்ற லத்தீன் சொல்லுக்குச் சமம் என்று பொருள். எடையிலும் வேலைப்பாட்டிலும் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பதால்தான் இரண்டு கொலுசுகள் ஒரு ஜோடியாகின்றன. தமக்குச் சமமானவரைக் குறிக்கும் 'பியர்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே குடும்பம்தான். கிரிக்கெட்டில் நாம் காணும் 'அம்பயர்' கூட, இரு தரப்பிலும் சேராத மூன்றாமவர், அதாவது 'சமமல்லாதவர்' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தவரே. தொடக்கத்தில் 'நம்பயர்' என்பதைப் போல ஒலித்த அச்சொல்லின் முதல் 'ந்' ஒலியை, முன்னால் நின்ற, 'ஒரு' என்று பொருள்படும் 'எ' என்ற ஆங்கிலச் சிறுசொல் இழுத்துக்கொண்டு 'அன்' ஆகிவிட்டது.

'கப்பிள்' என்பதோ கட்டு, பிணைப்பு என்று பொருள்படும் 'கோப்புலா'விலிருந்து வந்தது. இரண்டு வேட்டை நாய்களைச் சேர்த்துக் கட்டும் வாருக்கும் அப்பெயர் உண்டு; இங்கிலாந்தில் வேட்டை நாய்கள் இருபதைப் பத்துக் 'கப்பிள்' என்று எண்ணும் வழக்கம் இன்றும் இருக்கிறது. சேலம் ஜங்ஷனில் பெட்டியோடு பெட்டியை மாட்டும் 'கப்ளிங்' இந்த வேரின் கிளையே. கணவனும் மனைவியும் உருவத்தால் ஒத்திருக்க வேண்டியதில்லை, உறவால் பிணைந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு இச்சொல் பொருந்துகிறது. தமிழில் இணை, பிணை என்ற இரண்டு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு உங்கள் மகளுக்கு உடனே விளங்கும். ஒப்பில்லாதவரை நாம் 'இணையற்றவர்' என்றுதானே சொல்கிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலப் பேச்சில் 'ஒரு கப்பிள் நாள்' என்றால், நாம் 'இரண்டொரு நாள்' என்பதைப் போல, கறாரான எண்ணிக்கை இல்லை. ஆகவே வெளியூர் வியாபாரி எவரேனும் ஆர்டரில் அந்தச் சொல்லை எழுதியிருந்தால், எத்தனை ஜோடி வேண்டும் என்று கேட்டு உறுதி செய்துகொண்டபின் வெள்ளியை உருக்குங்கள்.