பழைய கணினிக்காரரின் கூட்டத்துக்கு ஒரு சனிக்கிழமையைக் கொடுக்கலாமா?

தம்பி, உம்முடைய கேள்வியைத் திருமலையில் இருந்துதான் வாசித்தேன். அம்மாவைப் பார்க்க மூன்று கிழமை லீவில் வந்திருக்கிறேன். உவர்மலை வீட்டு விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். கேற்றுக்கு வெளியே இரண்டு மான்கள் யாரோ எறிந்த வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டு நிற்கின்றன. இங்கிலாந்தில், கொவென்ட்ரியில் அறைக்குள் இருக்கிற உமக்கு இதைச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்புவது பாவம்தான்.

நீர் கேட்டது இது: மாஸ்டர்ஸ் படிக்க வந்து ஐந்து மாதம். பழைய கணினி வைத்திருப்பவர்களின் வார இறுதி ஒன்றுகூடல் ஒன்றுக்குப் போக ஆசை. நுழைவு, ரயில், ஓர் இரவுத் தங்கல் எல்லாம் கூட்டினால் ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு போய்விடும். அறைப் பெடியள் சிரிக்கிறார்கள். போவது புத்தியா?

போம். ஆனால் ஒரு நாளுக்கு மட்டும் போம், இரவு தங்காதேயும், முதல்முறை எந்தச் சாமானும் வாங்காதேயும்.

எல்லோரும் நுழைவுச் சீட்டின் விலையைத்தான் பார்ப்பார்கள். அதுதான் இருக்கிறதிலேயே சின்னச் செலவு. நீர் சனிக்கிழமை கடையில் எட்டு மணி நேர ஷிப்ட் செய்கிறதாக எழுதியிருந்தீர். 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சட்டப்படி ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 12.21 பவுணாக இருந்தது. எட்டால் பெருக்கினால் 97.68. நீர் வீட்டை விட்டு வெளிக்கிட முதலே அந்தக் காசு போய்விட்டது என்று எழுதி வையும். மாணவர் வீசாவில் படிப்புக் காலத்தில் கிழமைக்கு 20 மணி நேரம்தானே, விட்டதை அடுத்த கிழமை சேர்த்துப் பிடிக்கவும் ஏலாது. ரயிலுக்கு ரயில்கார்டு எடும், மூன்றில் ஒரு பங்கு குறையும். 26 வயது தாண்டியிருந்தாலும் முழுநேர மாணவருக்கு அதே கார்டு உண்டு. மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போம். அங்கே விற்கிற சான்ட்விச்சுக்கு நான் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

சாமான் வாங்காதேயும் என்றது அனுபவத்தில் சொல்வது. நான் முதல்முறை போனபோது 60 பவுணுக்கு ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினி ஒன்றை வாங்கினேன். 1982இல் சின்கிளேர் கம்பனி விட்ட அதே ரப்பர் சாவிக்காரன் (விசைகள் ரப்பர்), 48கே நினைவகம். கண்டதும் கை நடுங்கியது, ஏனென்றால் அதே மாதிரி ஒன்றைக் கப்பலில் வேலை செய்த சித்தப்பா 1986இல் இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவர். கசெட்டில் இருந்து ஒரு கேம் ஏற ஐந்து நிமிடம் ஆகும். முதலில் திரை ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் ஓடும், பிறகு நீலமும் மஞ்சளும். அந்தக் கீச்சுச் சத்தம் பொறுக்காமல் அம்மா குசினிக்குள் இருந்து கத்துவா. நாலரை நிமிடத்தில் கரண்ட் போகும். அந்தக் காலத்துத் திருமலையில் கரண்ட் போவதற்குக் காரணமா வேண்டும்?

அந்த ஞாபகத்தில் நான் விற்றவரிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. அடப்டர் கூட வரவில்லை. பையில் கிடந்த ஒன்பது வோல்ட் அடப்டர் ஒன்றைச் செருகினேன். இப்போது வருகிற அடப்டர்களில் அநேகமாக முனையின் நடுப்பகுதி பொசிற்றிவ். ஸ்பெக்ட்ரத்துக்கு அது தலைகீழ், நடு நெகற்றிவ். ஒரு சின்ன மணம் வந்தது, அவ்வளவுதான். 60 பவுண் கறுத்துப்போய் மேசையில் கிடந்தது.

பக்கத்து மேசையில் இருந்த கிழவர் எழும்பி வந்தார். எழுபது வயது இருக்கும். என் பெயர் கேட்கவில்லை, எங்கே இருந்து வந்தாய் என்றும் கேட்கவில்லை. 'போர்டு இஷ்யூ டூவா, த்ரீயா?' உள்ளே இருக்கிற போர்டு எத்தனையாவது பதிப்பு என்பதுதான் முதல் கேள்வி. எனக்குத் தெரியாது என்றதும் திருப்புளியை என் கையில் தந்து திறக்கச் சொன்னார். மேல்மூடியோடு ஒட்டிக்கொண்டு வருகிற இரண்டு நாடா இருக்கிறதே, விசைகளுக்குக் கீழே இருக்கிற மெல்லிய பிளாஸ்ரிக் தாளான மெம்ப்ரேனின் வால், அதை இழுக்காமல் எப்படி மெல்ல உருவுவது என்று காட்டினார். நாற்பது வருடப் பிளாஸ்ரிக், அப்பளம் மாதிரி நொறுங்கும். மீற்றரை வைத்து ஒவ்வொரு இடமாகத் தொட்டார். ஒரு ட்ரான்சிஸ்டர் போய்விட்டது, கீழ்ப் பதினாறு கே நினைவகச் சிப் ஒன்றும் போய்விட்டது. அந்தச் சிப்புகளுக்கு மூன்று விதமான வோல்ட் வேண்டும், ஒன்று தவறினால் இனத்தோடு சாகும் என்று விளங்கப்படுத்தினார். பின்னேரம் நாலு மணிக்கு அது உயிர்த்தது. கூலி கேட்டேன். ஒரு தேத்தண்ணி வாங்கித் தா என்றார்.

அந்த நாள் வரைக்கும் நான் இங்கிலாந்தில் எந்த வெள்ளைக்காரனோடும் ஆறு மணி நேரம் தொடர்ந்து கதைத்ததில்லை. வகுப்பில் கேட்கிற இங்கிலீஷ் வேறு, கடையில் கதைக்கிற இங்கிலீஷ் வேறு. கையில் ஒரு பழுது இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும், பிழை விட்டாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

நம்முடைய ஆட்களின் பிறந்தநாள் விழாவுக்குப் போனால் என்ன நடக்கும் என்று உமக்குத் தெரியும். ஆற்ற பிள்ளை, எந்த இடம், விசா என்ன மாதிரி, கலியாணம் எப்ப. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, முதல் வருடம் எனக்குச் சோறு போட்டதும் அவர்கள்தான். ஆனால் சில நாட்களில் நாக்குக்கு வேறு கேள்வி வேண்டியிருக்கிறது.

கணினிக் கூட்டத்திலும் ஊர்க் கதை வரும், தேத்தண்ணி நேரத்தில். திருகோணமலை என்று சொன்னேன். அந்தக் கிழவருடைய தகப்பன் எங்கள் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படையில் இருந்தவராம். 1957 வரைக்கும் அது அவர்களுடைய தளம்தானே. அப்புறம் இலங்கையில் வாழ்ந்த விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் பற்றிக் கேட்டார். நான் விடுவேனா? சுவாமி மலைக்குக் கீழே கடலுக்குள் பழைய கோணேசர் கோவிலின் இடிபாடுகளை 1956இல் சுழியோடிப் பார்த்தவர் என்று சொன்னேன். அவர் பதிலுக்கு ஒன்று சொன்னார்: கிளார்க் 1983இல் இலங்கையில் இருந்தபடி ஒரு ஹாலிவுட் இயக்குநருக்குக் கேப்ரோ கணினியில் கடிதங்களைத் தட்டச்சு செய்து தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்பினாராம். அதே மாதிரிக் கேப்ரோ ஒன்று மூன்றாவது மேசையில் இருந்தது. கைப்பிடி வைத்த உலோகப் பெட்டி, பச்சை எழுத்துத் திரை, பன்னிரண்டு கிலோ வரும். அதற்குப் பெயர் 'தூக்கிச் செல்லும் கணினி'. தூக்கிப் பார்த்தேன், எங்கள் வீட்டுத் தையல் மெஷின் பரவாயில்லை.

சரி, இரண்டு எச்சரிக்கை. வேலை கிடைக்கும் என்று நினைத்துப் போகாதேயும், எனக்குக் கிடைக்கவில்லை. மற்றது, நீர் கெட்டிக்காரன், வாங்கித் திருத்தி விற்கலாம் என்ற யோசனை வரும். மாணவர் வீசாவில் சொந்த வியாபாரம் செய்யக்கூடாது. ஒரு மேசை போட்டு நாலு சாமான் விற்றாலே வில்லங்கம். சும்மா திருத்திக் கொடுத்துத் தேத்தண்ணி குடியும்.

கணினியைப் பார்ப்பதுதான் ஆசை என்றால் கூட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பிளெச்லி பார்க்கில் தேசியக் கணினி அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே 1951இல் ஓடத் தொடங்கிய ஹார்வெல் டெக்கற்ரோன் என்ற கணினி இப்போதும் ஓடுகிறது. இரண்டு எண்ணைப் பெருக்க ஐந்து பத்து விநாடி எடுக்கும். ஆனால் அதன் நினைவகத்தைக் கண்ணால் பார்க்கலாம், கண்ணாடிக் குழாய்களுக்குள் செம்மஞ்சள் புள்ளிகள் வட்டமாகச் சுற்றும். நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன், மூன்றாவது தடவைக்கும் போவேன். மனிதரோடு கதைக்க வேண்டுமென்றால் கூட்டம்தான்.

இன்னொன்று. ஏற்பாட்டாளருக்கு முன்கூட்டியே எழுதி, காலையில் மேசை தூக்க ஆள் வேண்டுமா என்று கேளும். இரண்டாம் தடவை எனக்கு நுழைவு அப்படித்தான் இலவசமானது.

முந்தாநாள் சித்தப்பாவின் ஸ்பெக்ட்ரத்தை அலுமாரிக்கு மேலே இருந்து இறக்கினேன். உப்புக் காற்று போர்டின் விளிம்பில் பச்சையாகப் பூத்திருக்கிறது, அதைத் துடைத்துவிட்டேன். சரியான அடப்டரைப் போட்டேன், திரையில் எழுத்து வந்துவிட்டது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, 'இது இன்னும் சாகேல்லையா' என்றா. விசை மட்டும் வேலை செய்யவில்லை, மெம்ப்ரேன் நொறுங்கிவிட்டது. கூட்டத்தில் புது மெம்ப்ரேன் விற்பார்கள். சாமான் வாங்காதேயும் என்று மேலே சொன்னதில் இதைச் சேர்க்காதேயும். 48கே ரப்பர் சாவி மொடலுக்கு ஒன்று வாங்கி, மடிக்காமல் ஒரு புத்தகத்துக்குள் வைத்திரும். நான் திரும்பி வந்ததும் காசு தருகிறேன்.